கீல்வாதமும் கட்டுமரமும்

நான்காவது ஞாயிற்றுக்கிழமையும் படகு அதே இடத்தில்தான் சோர்ந்துபோனது.

பந்தயத்தின் முதல் கட்டத்தில் சோரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பதினொரு படகுகளில் இரண்டாவதாக மிதவையைச் சுற்றித் திரும்பி, காற்றை எதிர்த்துப் போகும் மூன்றாவது கட்டத்தில் பாதி தூரம் வந்ததும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல வேகம் குறைந்தது. முன்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

"காத்து மாறிடுச்சு, மூக்குக்கு நேரா வருது," என்றார் சுக்கானைப் பிடித்திருந்த பல் டாக்டர்.

மூன்று நிமிடம் கழித்து எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. அதற்குள் ஐந்து படகுகள் தாண்டிப் போயிருந்தன. ஏழாவது இடம். போன வாரமும் ஏழு. அதற்கு முந்தின வாரம் எட்டு.

பல் டாக்டர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. முதல் வாரமே படகைக் கரையேற்றி, அதன் அடியில் மல்லாந்து படுத்து, நோயாளிகளின் கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் ஒவ்வொரு அங்குலமாக ஆராய்ந்தார். இரண்டாவது வாரம் பல்லுக்கு மெருகு போடும் பசையால் அடிப்பக்கம் முழுவதையும் தேய்த்தார். படகு நன்றாகப் பளபளத்தது, மெதுவாகத்தான் போனது. மூன்றாவது வாரம் படகில் கழற்றக்கூடிய பொருள்களையெல்லாம் தராசில் நிறுத்து, ஒரு பஞ்சையும் அரை பாட்டில் தண்ணீரையும் அநாவசியம் என்று கண்டுபிடித்து இறக்கினார். நான்காவது வாரம், நடுவில் உட்காரும் லிஃப்ட் மெக்கானிக்கைக் காலையில் பட்டினியாக வரச் சொன்னார். மெக்கானிக் வந்தார். பட்டினியாகவே ஏழாவதாக வந்தார்.

இவர்கள் ஓட்டும் கீல் படகு என்றால் என்ன என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயப் பார்க்கும். சாயாமல் இருக்க, அடியில் தண்ணீருக்குள் ஒரு பெரிய துடுப்புபோல ஈயம் தொங்குகிறது. அதுதான் கீல். பல்லுக்கு வேர் இருக்கிற மாதிரி என்பார் பல் டாக்டர். படகின் எடையில் பாதி அந்த வேரிலேயே போய்விடும். இவ்வளவு கனமான படகு நகரும்போது மூக்கில் ஓர் அலை எழும், வாலில் ஓர் அலை எழும். வேகம் ஏற ஏற இரண்டு அலைகளும் விலகி, படகு நடுவில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தான் கிளப்பிய அலையைத் தானே ஏறிக் கடக்க அதற்குத் திராணி கிடையாது. ஏழு மீட்டர் படகென்றால் மணிக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டர். அதற்கு மேல் போகச் சொன்னால் அலையைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர வேகத்தைக் காட்டாது.

ஸ்போர்ட் போட் என்பதும் கீல் உள்ளதுதான். ஆனால் உடம்பு இலேசு, அடிப்பக்கம் தட்டை, பாய் பெரியது. நல்ல காற்று பின்னாலிருந்து வந்தால் தன் அலையின் மேல் ஏறி உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்றாவது வகை இன்னும் தந்திரக்காரன்: ஒரு தடித்த உடம்புக்குப் பதிலாகக் கத்திபோல இரண்டு மெல்லிய உடம்புகள், நடுவில் இரண்டரை மீட்டர் இடைவெளி. மெல்லிய உடம்பு பெரிய அலையைக் கிளப்பாது. காலை அகட்டி நிற்பதால் சாயாமலிருக்க ஈயமும் வேண்டாம். கீல் படகுகள் கிளம்பிப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் இவற்றைக் கிளப்பிவிடுவார்கள். மூன்றாவது கட்டத்தில் எல்லாம் வந்து சேர்ந்துவிடும், பிறகு தாண்டியும் போய்விடும்.

இந்த மூன்றாவது வகைக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் தமிழிலிருந்து போனதுதான். மரங்களைக் கட்டினால் கட்டுமரம். போன இடத்தில் நாக்குப் புரண்டு 'கேட்டமரான்' ஆகித் திரும்பி வந்திருக்கிறது. பல் டாக்டரின் மச்சினனுக்குத் திரும்பி வந்த வடிவம்தான் பிடிக்கும். அவன் வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு விற்பவன். வேகத்தை விற்றுச் சம்பாதித்த பணத்தில் வேகத்தையே வாங்கியிருந்தான்: சிவப்பு நிறம், இரண்டு உடம்பு, முன்பக்கம் ஒரு கேமரா.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை படகுக் கொட்டகையில் ஈரப் பாய்களை மடித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான்.

"என்ன மாமா, கீல்வாதம் எப்படி இருக்கு?"

"இருக்கு மாப்ள. உன் கட்டுமரம் எப்படி? கயிறெல்லாம் இறுக்கிக் கட்டினியா? பாதி வழியில அவுந்துடப் போகுது."

"கட்டுமரம் இல்ல மாமா, கேட்டமரான். பாய் நிக்கற மாஸ்ட்டே கார்பன்."

"மரத்தைக் கட்டினா கட்டுமரம். கார்பனைக் கட்டினா கட்டுக்கரி."

"நீங்க மடிக்கறது பாய்தானே மாமா? அடுத்த வாரம் ஒரு தலகாணியும் எடுத்துக்கிட்டுப் போங்க. அந்த வேகத்துக்கு விரிச்சுப் படுத்தா நல்லா தூக்கம் வரும்."

லிஃப்ட் மெக்கானிக் பாய்க்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பல் டாக்டரின் மனைவி சிரிக்கவில்லை. முன்பாய்க் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாடப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. மாதம் தோறும் கிளப் செய்தித்தாளில் கணவர் எழுதும் 'மெதுவின் மேன்மை' என்ற பத்தியையும் அவள்தான் திருத்திக் கொடுப்பாள். போன மாதப் பத்தி, 'வேகம் என்பது சிந்திக்கத் தெரியாதவர்களின் ஆறுதல்' என்று தொடங்கியது. அவள் அதில் ஓர் ஒற்றெழுத்தை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா," என்றான் தம்பி. "அடுத்த சீசன் என்கூட வர்றியா? ரெண்டு பேர் ஓட்டற படகு. என் பார்ட்னருக்கு மாற்றல் ஆயிடுச்சு."

"இவ எங்கடா வரப் போறா," என்று பல் டாக்டர் சிரித்தார். "பதினாலு வருஷமா இவதான் என் முன்பாய்."

"வரலாம்னுதான் பாக்கறேன்," என்றாள் அவள்.

பல் டாக்டர் மடித்த பாயைக் கீழே வைத்தார்.

"விளையாடறியா?"

"இல்லங்க. இன்னும் ரெண்டு ரேஸ் இருக்கு. கடைசி ரேஸ்ல மொத மூணு இடத்துக்குள்ள வந்தா உங்ககூடயே இருக்கேன். இல்லன்னா தம்பிகூடப் போறேன். ஏழாவதா வர்றதுல எனக்கு வருத்தம் கிடையாது. ஏழாவதா வந்துட்டு, வேகம் ஏன் அசிங்கம்னு வீட்டு வாசல் வரைக்கும் கேட்டுக்கிட்டே வர முடியல."

பல் டாக்டருக்கு அன்றிரவு தூக்கம் சரியில்லை. படகில் அவர் பின்னால், அவள் முன்னால். பதினான்கு வருடமாக அவள் பின்னந்தலை முடி பறக்கும் விதத்தைப் பார்த்தே அவர் காற்றைக் கணித்திருக்கிறார். அந்த இடத்தில் வேறொரு தலையை அவரால் வைத்துப் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட் மெக்கானிக் ஒரு கடைவாய்ப் பல்லோடு கிளினிக்குக்கு வந்தார். அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில், மீன்கள் நிறைந்த ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. அது பல் டாக்டரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

"ஊசியைப் பாக்காதீங்க. மேல மீனை எண்ணுங்க. கண்ணு ஊசிப் பக்கம் போனா தலை போகும். தலை போனா கை வரும். கை வந்தா என் வேலை கெட்டுது. எண்ணிக்கிட்டே இருந்தா கண்ணு எங்கயும் போகாது."

"பாக்க மாட்டேன் டாக்டர்," என்று மெக்கானிக் உறுதி கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பார்த்தார். தலை திரும்பியது, கை எழுந்தது. அதட்டு வாங்கிய பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

வாயில் பஞ்சும் குழாயும் இருக்கிற ஒரு மனிதரைப் போல நல்ல கேட்பாளர் உலகத்தில் கிடையாது. பல் டாக்டர் துளை போட்டபடியே ஆரம்பித்தார்.

"கட்டுமரக்காரன் என்ன பண்றான்? சும்மா உக்காந்திருக்கான். படகு போகுது. தப்புப் பண்ணினா? அஞ்சு செகண்ட்ல திரும்ப வேகம் எடுத்துடும். உடம்புல கனமே கிடையாதே! ஸ்போர்ட் போட்காரனும் அப்படித்தான். ஒரு அலை ஏறினாப் போதும், செஞ்ச தப்பெல்லாம் மறைஞ்சு போயிடும். நம்ம படகு மன்னிக்காது. ஒரு தடவை வேகம் போச்சுன்னா அந்த ஈயத்தை மறுபடி நகத்த ரெண்டு நிமிஷம் கெஞ்சணும். அதனாலதான் சொல்றேன், அது வேடிக்கை, இது விளையாட்டு. சரியா?"

"ஆ."

"அதேதான்."

அரை மணி கழித்து வாயைக் கொப்பளித்துவிட்டு மெக்கானிக் சொன்னார்: "இருபத்திரண்டு மீன்."

"இருபத்து மூணு."

மெக்கானிக் எழுந்து நின்று மேலே பார்த்தார். "ஒண்ணு ட்யூப் லைட்டுக்குப் பின்னால இருக்கு. படுத்திருக்கறவனுக்குத் தெரியாது." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "டாக்டர், ஒரு லிஃப்ட் எல்லா மாடியிலயும் தடுமாறினா நான் மோட்டாரைப் பாப்பேன். ஒரே மாடில மட்டும் தடுமாறினா மோட்டாரைத் தொடவே மாட்டேன். அந்த மாடில ஏதோ இருக்கு. நீங்க நாலு வாரமா மோட்டாரைத் தொடைச்சுக்கிட்டு இருக்கீங்க."

பல் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி கணக்குப் போட்டார். அடிப்பக்கம் அழுக்கென்றால் மூன்று கட்டத்திலும் இழுக்க வேண்டும். எடை அதிகமென்றாலும் அப்படித்தான். எளிமையான விஷயம். அதைச் சொல்ல ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் பல் கெட வேண்டியிருந்தது.

ஆகவே ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் மூன்றாவது கட்டம் முழுவதும் 'மாடியை'க் கவனித்தார். பாறை இல்லை, பாசி இல்லை, நீரோட்டம் இல்லை. பாதி தூரத்தில் முன்பாய் படபடத்தது. "காத்து மாறிடுச்சு," என்றது பின்னாலிருந்து குரல். அந்த நேரத்தில் மெக்கானிக் கண்டது ஒன்றே ஒன்றுதான்: பாய்க்கு அந்தப் பக்கம், கொஞ்சம் கீழே, சிவப்பாக ஒன்று விர்ரென்று போனது. ஏழாவது இடம்.

"உங்க மச்சினன் கட்டுமரம்தான் டாக்டர். சரியா அங்கதான் நம்மளைத் தாண்டறாரு."

பல் டாக்டரின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து வாரத் தோல்விக்கும் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான், அதுவும் சொந்தத்திலேயே. ஈரச் சட்டையோடு உட்கார்ந்து மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினார். கட்டுமரங்கள் கீல் படகுகளின் காற்றைத் திருடுகின்றன, அவற்றை வேறு நாளில், முடிந்தால் வேறு கடலில் ஓட்ட வேண்டும் என்பது சாரம்.

பந்தயத்தை நடத்தும் ரேஸ் ஆபீசர் வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. மூன்று பக்கத்தையும் நின்றுகொண்டே படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"டாக்டர், காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தது?"

"வலது பக்கம்."

"உங்க மச்சினன் எந்தப் பக்கம் தாண்டினார்?"

"இடது பக்கம்."

"அப்ப காத்து மொதல்ல உங்க பாய்ல பட்டு, மிச்சம்தான் அவருக்குப் போகுது. நீங்கதான் அவர் காத்தை மறைக்கறீங்க. அவர் உங்க மேல புகார் குடுத்தா நான் வாங்கி வெச்சுக்கணும்."

"சரி மேடம், ஆனா அந்த நேரத்துல காத்து மூக்குக்கு மாறுதே, அது..."

"மாறல. என் படகுல கொடி இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திசையைக் குறிச்சு வெக்கறோம். அஞ்சு வாரத்துல மூணாவது கட்டத்துல ஒரு தடவை கூட மாறல." மூன்று பக்கத்தையும் திருப்பி நீட்டினார். "எழுத்து நல்லா இருக்கு."

பக்கத்தில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரு வாக்கியம் தவறென்று தெரிந்தால், எந்தச் சொல்லால் தவறு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பார்கள். முன்பாய் படபடத்தது, அதை அவளே பார்த்தாள். காற்றுக்கும் படகுக்கும் இடையில் உள்ள கோணம் குறைந்தால்தான் பாய் படபடக்கும். காற்று திரும்பவில்லை. அப்படியென்றால் படகு திரும்பியிருக்கிறது. படகைத் திருப்புவது சுக்கான். சுக்கான் இருப்பது...

அவள் கணவரைப் பார்த்தாள். அவர், தலைமையாசிரியைகளுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று மெக்கானிக்கிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"உன் படகுல கேமரா வெச்சிருக்கியே, அஞ்சு வாரத்துதும் இருக்கா?"

"இருக்கா?" என்றான் அவன், தொழிலையே கேள்வி கேட்ட மாதிரி. "மியூசிக்கே போட்டு வெச்சிருக்கேன்க்கா!"

சனிக்கிழமை மத்தியானம் நால்வரும் பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் டிவியின் முன்னால் உட்கார்ந்தார்கள். தம்பி போனை இணைத்தான். செண்டை அடிப்பதும் இரும்புக் கடையில் தீப்பிடித்ததும் கலந்தாற்போல ஓர் இசை கிளம்பியது. திரையின் மூலையில் வேகம் இலக்கங்களாக ஓடியது: பதினெட்டு, இருபத்தொன்று, பத்தொன்பது.

"எதிர்காத்துலயே இருபத்தொண்ணு மாமா. திரும்பி வர்றப்ப முப்பதைத் தொடும்."

"மியூசிக்கை நிறுத்து," என்றாள் அக்கா. "மூணாவது கட்டத்துக்குப் போ. மெதுவா."

தண்ணீர். தூரத்தில் வெள்ளைப் பாய்கள். ஒரு பாய் பெரிதாகிக்கொண்டே வந்தது. பாயிலிருந்த எண்ணைப் பார்த்தால் அவர்களுடையது. படகின் உயர்ந்த ஓரத்தில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாய் மறைத்ததால் கால்கள் மட்டும் தெரிந்தன. முன்னால் மனைவியின் கால், நடுவில் மெக்கானிக்கின் கால். பிறகு, பெரிய பாயின் அடிவிளிம்புக்குக் கீழே, பாதி இறக்கிய கடை ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்ப்பதுபோல, ஒரு முகம் வந்தது.

"நிறுத்து."

பல் டாக்டரின் முகம். இடுப்பு வரை வளைந்து, கழுத்தை நீட்டி, பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு முந்தின வாரம் போடு."

முகம் இருந்தது.

"மொத வாரம்?"

இருந்தது. அதில் தொப்பி வேறு.

ஐந்து வாரம், ஐந்து முகம். ஒவ்வொன்றிலும் வாய் அசைந்தது. தம்பி சத்தத்தைக் கூட்டினான். காற்றின் இரைச்சலுக்கு நடுவில் குரல் மெலிதாகக் கேட்டது: "பாரு, பாரு... என்ன அவசரம்... யப்பா, என்னமா போறான்..."

வேகம் அசிங்கம் என்று பதினான்கு வருடம் சொன்ன மனிதரின் முகத்தில் அருவருப்பு ஒரு துளிகூட இல்லை. பொம்மைக் கடைக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டிருக்கிற முகம் அது.

"அது... வெளிச்சம்," என்றார் பல் டாக்டர்.

நடந்தது இதுதான். எதிர்காற்றில் சுக்கான்காரர் காற்று வரும் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கையில் நீண்ட பிடி. அதன் மறுமுனை சுக்கானில். பாய்க்கு அந்தப் பக்கம் போகும் படகைப் பார்க்க வேண்டுமானால் உள்பக்கமாகக் குனிய வேண்டும். குனிந்தால் கை முன்னால் போகும், பிடி தள்ளப்படும், படகின் மூக்கு காற்றின் பக்கம் திரும்பும், பாய் படபடக்கும், வேகம் போகும். திரும்பிய சுக்கான் தண்ணீரில் கதவைத் திறந்து வைத்ததுபோல நிற்கும், அது இன்னொரு தடை. முன்னால் இருக்கும் இருவருக்கும் இது தெரியாது. அவர்கள் பார்ப்பது முன்னால். பிறகு அவர் நிமிர்ந்து, 'காத்து மாறிடுச்சு' என்று நிஜமாகவே நம்பி, சரிசெய்வார். ஆனால் ஈயம் மன்னிக்காது. அதை அவரே சொல்லியிருக்கிறார், துளை போட்டுக்கொண்டே.

தம்பி சோபாவில் சரிந்து சிரித்துக்கொண்டிருந்தான். "மாமா! என் ரசிகர் மன்றத் தலைவர் நீங்கதானா!"

"நீ சிரிக்காதே," என்றாள் அக்கா. "மிதவை எங்க இருக்கு? அந்தப் பக்கம். நீ எங்க வந்திருக்க? இந்தப் பக்கம். எங்க படகுகிட்ட வர்றதுக்காக எவ்வளவு தூரம் சுத்தியிருக்க?"

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வெறும் தண்ணில முப்பதும் ஒண்ணுதான், மூணும் ஒண்ணுதான்க்கா. பக்கத்துல ஏதாவது மெதுவா இருந்தாத்தானே வீடியோல வேகம் தெரியும்?"

"அதுக்காக எங்க பாய் மறைவுல, காத்தில்லாத இடத்துல புகுந்து போயிருக்க. அதான் ஆறு கட்டுமரத்துல அஞ்சாவதா வர்றியா?"

"கேட்டமரான்," என்றான் அவன், ஆனால் குரலில் தெம்பில்லை.

"அவர் உன்னைப் பாக்கறதுக்காக நின்னுட்டாரு. நீ அவரைக் காட்டறதுக்காகச் சுத்திப் போற. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே படகு வாங்கியிருக்கலாம்."

பல் டாக்டர் எழுந்து நின்றார். "சரி. தெரிஞ்சுபோச்சு. இனிமே பாக்க மாட்டேன். முடிஞ்சுது."

"டாக்டர்," என்றார் லிஃப்ட் மெக்கானிக் கன்னத்தைத் தடவியபடி. "நானும் ஊசியைப் பாக்க மாட்டேன்னுதான் சொன்னேன்."

பல் டாக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு மீன் வேணும்," என்றார் மெக்கானிக்.

"மீன் இருக்கு," என்றாள் மனைவி. "முன்பாய்ல நூல் ஒட்டியிருக்கே!"

முன்பாயின் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு கம்பளி நூல் ஒட்டியிருக்கும். காற்று துணியின் இருபுறமும் சீராக ஓடினால் இரண்டு நூலும் நேராகப் பின்னோக்கிப் பறக்கும். படகு காற்றின் பக்கம் அதிகம் திரும்பினால் ஆள் உட்கார்ந்திருக்கும் உள்பக்க நூல் குதிக்கும். அதிகம் விலகினால் வெளிப்பக்க நூல் தொங்கும். துணி மெல்லியது என்பதால் வெளிப்பக்க நூலின் நிழலும் தெரியும். பார்க்க வேண்டியதெல்லாம் அந்த இரண்டு நூல்தான். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அவருடைய பத்தியிலேயே இரண்டு முறை வந்திருக்கிறது.

"நீங்க அதைப் பாத்து எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். வாய்விட்டு. நிறுத்தாம."

"நிறுத்தாமலா?"

"பேசறதுக்கு உங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

கடைசி ஞாயிற்றுக்கிழமை காற்று மிதமாக இருந்தது. இரண்டாவதாக மிதவையைத் திரும்பினார்கள். மூன்றாவது கட்டம் தொடங்கியதும் பல் டாக்டர் ஆரம்பித்தார்.

"உள்ள நேர். வெளிய நேர். உள்ள நேர். வெளிய நேர். உள்ள குதிக்குது... நேர். வெளிய நேர்."

பாதி தூரத்தில் இடது பக்கம் அந்தச் சத்தம் வந்தது: மெல்லிய உடம்பு தண்ணீரைக் கிழிக்கும்போது எழும் ரீங்காரம். வீடியோவைப் பார்த்தும் தம்பி திருந்தவில்லை; சீசனின் கடைசி வீடியோ அல்லவா.

"மாமா! கீல்வாதம் எப்படி இருக்கு?"

பல் டாக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. "உள்ள நேர். வெளிய நேர்."

"மாமா, இருபத்தி நாலு! ஒரு தடவை பாருங்க!"

"உள்ள நேர்," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. தன் தொழிலில் யாரையும் செய்ய விடாத காரியம் அது. "வெளிய நேர். உள்ள நேர்."

முன்பாய் படபடக்கவில்லை. அவர் மனைவி கயிறு இறுகப் பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். இருந்தது. அவள் கையில் சுக்கான் இல்லை. அவள் தலையைத் திருப்பினால் படகுக்கு ஒன்றும் ஆகாது. திருப்பினாள். பாய்க்குக் கீழே ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் காற்றில் என்று கட்டுமரம் சிவப்பாகப் பறந்து போனது. அழகாகத்தான் இருந்தது. அவள் மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, அது அவளுக்குப் பயன்படுகிற எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவதாக முடித்தார்கள். கட்டுமரங்களில் தம்பி கடைசி. மாமாவின் முகம் வெளியே வரட்டும் என்று அவர்களுக்குப் பக்கத்திலேயே மூன்று முறை வளைந்து வந்திருந்தான்.

கரையில் அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்: "அப்ப நீ வரலயாக்கா?"

"வரல."

பல் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெதுவின் மேன்மையைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். மனைவி பிழை திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து, சுக்கான் பிடிக்கு அருகில் ஒரு வெள்ளை நாடாவை ஒட்டி, அதில் எழுதினாள்: 'மூன்றாவது கட்டம் தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டுமரம் தாண்டிப் போகும்வரை, சுக்கான் பிடிப்பவர் முன்பாயின் இரண்டு நூல்களை மட்டும் பார்த்து, அவை எப்படி இருக்கின்றன என்பதை நிறுத்தாமல் உரக்கச் சொல்ல வேண்டும்.'